மகாராஜா பழம் கொடுக்கும் வரை

காளயுக்தி வருஷத்தில் பிறந்தவருக்கு மறுபடியும் காளயுக்தி வரும்போதுதான் அறுபது நிறையும். ஆகவே வருஷத்தில் எனக்குக் குழப்பமில்லை. எமர்ஜென்சி விலகிய மறு வருஷம், ஐப்பசி மாதம். தேதி மட்டும் மறந்துவிட்டது. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அந்த மாதத்தில் அவர் நட்சத்திரத்துக்கு இரண்டு நாட்கள் பொருந்துகின்றன. இரண்டில் எது என்று முடிவு செய்ய என்னிடம் ஆதாரம் இல்லை. காலையில் தூறலாக ஆரம்பித்த மழை விளக்கு வைக்கும் நேரம் வரை விடவில்லை என்பது நிச்சயம்.

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே, மலைப் பக்கம் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு சிறு ஜமீன். பெயர் வேண்டாம். ஜமீன்கள் ஒழிந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. சட்டத்தின் கண்ணில் அந்த ஜமீன்தார் கொஞ்சம் நஞ்சையும் ஒரு ரைஸ் மில்லும் ஒழுகுகிற மாளிகையும் உள்ள ஒரு மிராசுதார். ஆனால் அந்த வாசல் படியைத் தாண்டிவிட்டால் அவர் மகாராஜாதான். நானும் அப்படித்தான் சொன்னேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்ற முறையில் எனக்கு அவருடைய பட்டா எண்கள்கூடத் தெரியும். இருந்தாலும் வாய் தானாகவே மகாராஜா என்றது.

ஆடித் தபசு முடிந்து, ரத வீதிகளில் பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அந்த ஜமீனின் காரியஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தது என்னைப் பார்க்க அல்ல, என் மனைவியை. அவள் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். சனி, ஞாயிறுகளில் மாடியில் சிறுமிகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்தாள்.

"டீச்சர், மகாராஜாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. அரமனையில சாயங்காலம் தர்பார். அந்தக் காலத்துல இந்த மாதிரி விசேஷத்துக்குன்னே புதுசா ஒரு ஆட்டம் கட்டுவாக. ஒரே அங்கம். முக்கா மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரணும், மகாராஜாவால ரொம்ப நேரம் உக்கார முடியாது. நீங்கதான் கட்டணும்" என்றார்.

"என்ன கதை?" என்றாள் அவள்.

"நம்ம அம்பாள் கதைதான். கோமதியம்மா தபசு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். காரியஸ்தருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வலது முழங்காலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர், ஆட்டத்தை விட்டுவிடுங்கள், விடாவிட்டால் கால் உங்களை விட்டுவிடும் என்று சொல்லியிருந்தார். விடத்தான் போகிறேன் என்று அவளும் ஒத்துக்கொண்டிருந்தாள். ஆனால் விடுவதற்கு முன் ஒரே ஒரு தடவை அம்பாள் தபசை முழுதாக ஆட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அரியும் சிவனும் ஒன்று என்று உலகத்துக்குக் காட்டச் சொல்லி அம்பாள் ஊசி முனையில் ஒற்றைக் காலில் நின்றாள் என்பது எங்கள் ஊர்க் கதை. பாட்டு முடியும் வரை காலை ஊன்றாமல் ஒருவர் அதை நின்று ஆடி அவள் பார்த்ததில்லை. எல்லாரும் நடுவில் ஒரு சுற்று சுற்றிக் காலை மாற்றிக்கொள்வார்கள். "கால ஊணினா தபசு கலைஞ்சு போச்சு. அப்புறம் சாமி எதுக்கு வாறாரு?" என்பாள். வலது காலில் நின்றால்தான் அவளுக்கு நிலை நிற்கும். இடது காலில் நின்று பார்த்தாள், உடம்பு கோணியது.

"கட்டுதேன்" என்று காரியஸ்தரிடம் சொன்னாள்.

நான் கண்டதையும் படிக்கிறவன். அயல்நாட்டு அரசவைகளில் இளவரசன் பிறந்தாலோ அரசனுக்குக் கல்யாணம் என்றாலோ அதற்கென்றே ஒரே அங்கத்தில் ஆடல் நாடகம் கட்டுவார்கள் என்றும், சில அரசர்கள் தாமே வேஷம் போட்டு நடுவில் வந்து ஆடுவார்கள் என்றும் படித்திருக்கிறேன். எங்கள் ஜமீனில் அரசர் ஆட வேண்டியதில்லை. ஆனால் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆட்டத்தின் முடிவில் அவர் தம் வலது கையால் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டிக் கொடுப்பார். அவர் கொடுத்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. கொடுக்கும் வரை ஆடுகிறவர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பாடுகிறவர் கடைசி அடியையே திருப்பிப் பாட வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே அப்படித்தான்.

மேடை இடம் பார்க்க நாங்கள் அரண்மனைக்குப் போனபோது, காரியஸ்தர் இந்த வழக்கத்தை எங்கள் கதைக்குள் கொண்டுவந்து பொருத்தினார். மேடையின் பின்பக்கம் ஒரு சிறு திரை. அதற்குப் பின்னால் சங்கரநாராயணர் வேஷத்தில் ஒரு சிறுமி. மகாராஜா பழம் கொடுத்ததும் திரை விலகும், சுவாமி காட்சி கொடுப்பார்.

"சாமி வாறதுக்கு இவரு உத்தரவு கொடுக்கணுமாக்கும்?" என்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் என்னிடம் கேட்டாள். பஸ்ஸில் ஜமீன் ஊர்க்காரர்கள் இருந்ததால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புரட்டாசி முழுக்க ஒத்திகை. ஒவ்வொரு ஞாயிறும் சிறுமிகளை அழைத்துக்கொண்டு போவோம். ஒவ்வொரு ஞாயிறும் காரியஸ்தர் மிகுந்த மரியாதையோடு ஒன்றை எடுத்துக்கொள்வார். முதலில் காவிப் புடவை போனது. கல்யாண நாளில் காவி கண்ணில் படக் கூடாதாம். அம்பாள் அரக்குப் பட்டு உடுத்தித் தவம் செய்ய வேண்டியதாயிற்று. பிறகு அம்பாள் கண்ணீர் விடும் இடம் போனது. மகாராஜாவின் முப்பாட்டனார் கோயிலுக்கு விளக்கு எரியக் கட்டளை வைத்ததைப் பற்றி நான்கு வரி உள்ளே வந்தது. அதற்கு அம்பாள் கை கூப்பிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சங்கன், பதுமன் விஷயம்தான் உச்சம். சிவன் பெரியவர் என்று ஒரு நாகமும் திருமால் பெரியவர் என்று இன்னொரு நாகமும் சண்டை போடுவதில்தான் கதையே ஆரம்பிக்கிறது. அந்தச் சண்டையை எடுத்துவிடச் சொன்னார்.

"சண்ட இல்லாம எப்படிங்க?" என்றாள் அவள்.

"டீச்சர், மகாராஜாவுக்கும் தம்பி இளையவருக்கும் கோர்ட்டுல கேசு நடக்குது. விசேஷத்துக்கு இளையவரும் வாராரு. முன் வரிசையில உக்காந்து ரெண்டு பாம்பு சண்டை போடுததப் பாத்தா தப்பா எடுத்துக்கிட மாட்டாரா?"

"அப்ப பாம்புக என்ன செய்யணும்?"

"பிரியமா பேசிக்கிடட்டும்."

பிரியமாகப் பேசிக்கொண்டன. சிறுமிகளில் ஒருத்தி, "டீச்சர், சண்டையே இல்லைன்னா அம்பாள் எதுக்கு நிக்காக?" என்று கேட்டாள். என் மனைவி அவளுடைய பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

தபசில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அதன் முடிவில்தான் பழம் இருந்தது. அவளுக்கு அது போதும். "மத்தது எது வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும். அந்தப் பாட்டு ஒண்ண எனக்கு விட்டுட்டாப் போதும்" என்றாள். இரவு சாப்பாடானதும் அடுக்களை வாசலில் நிலையைப் பிடிக்காமல் நின்று பழகினாள். முழங்காலுக்கு நொச்சித் தழை ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். பாட்டு முடியும் வரை கால் தாங்கியது. அதற்கு மேல் கொஞ்சம்கூடத் தாங்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அத்தனை ஞாயிறுகளிலும் மகாராஜாவை நாங்கள் அருகில் பார்த்ததில்லை. மேல் மாடி ஜன்னலில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பார். எப்படி இருக்கிறார் என்று கேட்டால் காரியஸ்தர், "கொஞ்சம் அசதி" என்பார். அரண்மனையில் எல்லாரும் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

விசேஷத்தன்று காலைச் சடங்கில்தான் அவரை நன்றாகப் பார்த்தேன். கலச நீராட்டு, மாலை மாற்றுதல் எல்லாம் நடந்தது. ராணியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். தாலி கட்டும்போது அந்தக் கையை ராணியம்மாதான் தம் கழுத்துவரை தூக்கிக்கொண்டு போனார். விரல்கள் மடங்கவில்லை. வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சடங்கில் மனைவி கணவன் கையைத் தொடுவது சாதாரணம். அதனால் யார் கண்ணுக்கும் அது தனியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆபீஸ் தலைமை எழுத்தருக்கும் பக்கவாதம் வந்து இப்படித்தான் ஒரு கை தொங்கியது.

பந்தியில் பரிமாறுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்த காரியஸ்தரைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, மகாராஜாவுக்குக் கை..."

"என்னவே கை?"

"சாயங்காலம் பழம் கொடுக்கணுமே. தூக்க முடியுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது மகாராஜா கைவே. முப்பத்தஞ்சு வருஷமா அவுகதான் கொடுக்காக."

"ராணியம்மா பக்கத்துல இருந்தாங்கன்னா..."

"தர்பார்ல அரமனைப் பொம்பளைக வரமாட்டாக. மேல தட்டிக்குப் பின்னாடிதான் இருப்பாக."

"அப்ப நீங்க பக்கத்துல நின்னு ஒரு கை..."

"தலைப்பாகை ஏறின பொறவு அவுக மேல யாரும் கை வைக்கக் கூடாது. தம்பியே வைக்கக் கூடாது. ஏன்வே, நல்ல நாளும் அதுவுமா! எலையப் போட்டாச்சு, போய் உக்காரும்."

இளையவரிடம் போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவரைச் சுற்றி அவருடைய வக்கீலும் ஆட்களும் இருந்தார்கள். கேஸ் நடக்கிற வீட்டில் அண்ணனுக்குக் கை விளங்கவில்லை என்று தம்பியிடம் போய்ச் சொல்வது எங்கே போய் முடியும் என்று தாலுகா ஆபீஸில் இருக்கிறவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னேன். சலங்கையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவ்வளவு பேரு இருக்காக. ஒருத்தருக்குக் கூடவா தெரியாது? ஏற்பாடு பண்ணியிருப்பாக" என்றாள்.

அரண்மனையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரியும் என்று காட்டிக்கொள்ள ஒருவரும் இல்லாததால் ஏற்பாடு என்று ஒன்று இல்லை.

விளக்கு வைத்ததும் தர்பார் மண்டபம் நிறைந்தது. ராயகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பங்கள், மழையில் நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டிய இடங்களில் குத்துப்போணி என்கிற வெண்கலப் பாத்திரங்கள் வைத்திருந்தார்கள். தலைப்பாகை கட்டி மகாராஜாவை நாற்காலியோடு தூக்கி வந்து மேடைக்கு நேர் எதிரே வைத்தார்கள். காரியஸ்தர் குனிந்து, அவர் மேல் கை படாமல், மடியில் கிடந்த வலது உள்ளங்கையில் பழத்தை வைத்தார். நான் மேடையின் பக்கவாட்டில், பின் திரையின் கயிற்றைப் பிடித்திருந்த அரண்மனை ஆளின் அருகே நின்றேன். திரைக்குப் பின்னால், பாதி உடம்புக்கு நீலமும் பாதிக்குச் சிவப்பும் பூசிய சிறுமி ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்றாள்.

நாகங்கள் பிரியமாகப் பேசிக்கொண்டன. முப்பாட்டனார் விளக்கு எரிய விட்டார். பிறகு பாட்டு வாத்தியார் தபசுப் பாட்டை எடுத்தார். அவள் நடுவில் வந்து, இடது பாதத்தை மெல்லத் தூக்கி, வலது தொடையில் வைத்து, கைகளைத் தலைக்கு மேல் குவித்தாள்.

எனக்கு நாட்டியம் தெரியாது. ஆனால் மண்டபத்தில் பேச்சு நின்றதைக் கேட்டேன். போணிகளில் நீர் சொட்டுவது கேட்டது. அவள் கண் இமைக்கவில்லை. காதுத் தொங்கட்டான்கூட அசையவில்லை. பாட்டு முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை போயிற்று, கால் ஊன்றவில்லை. அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. பாட்டு முடிந்தது.

மகாராஜா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் கடைசி அடியைத் திரும்ப எடுத்தார்.

அவர் முயற்சி செய்வது தெரிந்தது. தோள் மேலே ஏறியது. கை மடியை விட்டு எழவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை உதவிக்கு வந்து, வழியிலேயே நின்றுவிட்டது. இடது கை மங்கலத்துக்கு ஆகாது என்பது அவருக்கும் பழக்கம். வாத்தியார் மறுபடியும் அதே அடியைப் பாடினார். மேல் தட்டிக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஒருவரும் எழவில்லை. முன் வரிசையில் இளையவர் தம் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயித்த விடுப்பா, திரை விலகட்டும்" என்றேன் கயிற்றுக்காரரிடம்.

"பழம் கொடுக்கலையே அண்ணாச்சி."

"அவருக்கு ஏலலப்பா."

"தெரியும் அண்ணாச்சி. நான்தான் தெனமும் அவுகளக் குளிப்பாட்டுதேன்." அவர் கண் கலங்கியிருந்தது. கயிற்றை விடவில்லை. நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். அவர் என்னைவிடப் பலசாலி.

என் மனைவியின் வலது முழங்கால் லேசாக அதிர்ந்தது. பட்டுப்புடவை மடிப்பில் அது தெரிந்தது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்போது பழம் உருண்டது. மகாராஜா தள்ளினாரா, தோள் அசைந்ததில் உருண்டதா, இன்றுவரை தெரியாது. மடியிலிருந்து விழுந்து, தரையில் ஓடி, மேடையின் விளிம்பில் முட்டி நின்றது. மண்டபம் மூச்சை விட்டது.

"விழுந்துட்டு! விடு!" என்றேன்.

"கையால கொடுக்கணும்லா..." என்று அவர் காரியஸ்தரைப் பார்த்தார்.

காரியஸ்தர் எழுந்தார். குனிந்து பழத்தை எடுத்தார். தம் அங்கவஸ்திரத்தால் துடைத்தார். குனிந்தபடியே திரும்பி நடந்து போய், மிகப் பணிவாக, மகாராஜாவின் வலது உள்ளங்கையில் அதை மறுபடியும் வைத்தார்.

வாத்தியார் கடைசி அடியை எடுத்தார். குரல் கம்மியிருந்தது. மகாராஜாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிற்று. அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். போதும் என்று சொன்னார் என்றுதான் நான் நினைக்கிறேன். பார்த்தவர்கள் பாட்டை ரசிக்கிறார் என்று நினைத்தார்கள். முன் வரிசையில் ஒருவர் "பேஷ்" என்றார்.

அவள் காலை ஊன்றவில்லை. கால்தான் அவளை விட்டது. முழங்கால் உள்பக்கமாக மடங்கி, பட்டும் சலங்கையுமாக அப்படியே பக்கவாட்டில் விழுந்தாள். ஒரு சத்தம் கேட்டது. எலும்பா பலகையா தெரியவில்லை. கயிற்றுக்காரர் "ஏ யம்மா" என்று இரண்டு கையையும் விட்டுவிட்டார். திரை தானாக விலகிற்று. முக்காலியின் மேல், சொல்லிக்கொடுத்தபடியே ஒரு கையால் அபயம் காட்டிக்கொண்டு, புன்னகையோடு, நீலமும் சிவப்புமாகச் சங்கரநாராயணர் நின்றார்.

ஜனங்கள் கை கூப்பினார்கள். அம்பாள் சுவாமியைக் கண்டதும் சாஷ்டாங்கமாக விழுந்தாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைப் பக்கத்துக் கிழவர் ஒருவர், இந்த மாதிரி ஒரு தபசை இந்தச் சபையில் பார்த்ததே இல்லை என்றார். நான் மேடைக்கு ஓடியபோது, வணங்கப் போகிறேன் என்று நினைத்து எனக்கு வழிவிட்டார்கள்.

அவளைப் பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். முழங்கால் பூசணி போல வீங்கியிருந்தது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகக் கார் எடுக்க ஆள் போயிருந்தது. மழையில் ஓடை பெருகி வழி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. "பாட்டு முடிஞ்சப்ப கால் மேலதான இருந்துச்சு?" என்று கேட்டாள். மேலேதான் இருந்தது என்றேன். "எல்லாரும் பாத்தாகளா?" என்றாள். பார்த்தார்கள் என்று சொன்னேன். எதைப் பார்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

அப்போது மகாராஜாவை நாற்காலியோடு அந்த அறைக்குத் தூக்கி வந்தார்கள். தலைப்பாகையைக் கழற்றியிருந்தார்கள், தலை சிறியதாகத் தெரிந்தது. ராணியம்மா ஒரு கையால் அவர் தோளைப் பிடித்திருந்தார். பின்னால் காரியஸ்தர். வர வேண்டும் என்று மகாராஜாவேதான் அடம் பிடித்தாராம்.

என் மனைவியைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார். நாக்கு புரளவில்லை. வார்த்தைகளாக இல்லை.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லுதாக" என்றார் காரியஸ்தர்.

மகாராஜா இல்லை என்று தலையசைத்தார். மறுபடியும் சொன்னார். முன்பைவிட நீளமாக இருந்தது.

"வலிக்குதான்னு கேக்காக தாயி" என்றார் ராணியம்மா.

அதுவும் இல்லை. அவர் இடது கையால் நாற்காலிக் கையை அடித்தார்.

என் மனைவி முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். "நீங்க பைய சொல்லுங்க. நான் கேக்கேன்" என்றாள்.

மூன்றாம் தடவை அவர் சொன்னார். அறையில் எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். நானும் பார்த்தேன். எனக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. எச்சில் வழிந்தது. ராணியம்மா முந்தானையால் துடைத்தார். மகாராஜா வாயை மூடிக்கொண்டார்.

"மகாராஜாவுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார் காரியஸ்தர் மறுபடியும், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

மகாராஜா அவரைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையசைத்தார்.

"எனக்கும் சந்தோஷம்ங்க" என்றாள் என் மனைவி. படுத்தபடியே கை கூப்பினாள். நாற்காலியைத் தூக்கினார்கள்.